படுகளமும் நடுகல்லும்: பொறுக்கும் தந்தையர் இருவர்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். இவ்வூரை உள்ளிட்ட திருவண்ணாமலை வட்டாரம் திரௌபதி அம்மன் விழாவிற்கும் தெருக்கூத்திற்கும் பெயர்பெற்றது. விழா நாள்களிற் பகற்பொழுதில் பாரதம் படித்துப் பொருளுரைப்பர். இரவில் அக்கதையைக் கூத்தாக நடிப்பர். இறுதியில் ஊர்ப்புறத்து வெளியிலே துரியோதனன் உருவத்தை மண்ணால் மிகப் பெரிதாக வனைந்து கிடத்திப் பதினெட்டாம் போரின் முடிவை நிகழ்த்திக் காட்டுவர். அவ்விடத்திற்குப் படுகளம் என்பது பெயர். இதே மாவட்டத்தின் மேல்பாலுள்ள செங்கம் பகுதியோ நடுகற்களால் அறியப்பெற்றது. பல்லவர் காலந்தொட்டு அங்கு எழுந்த கற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. ஆநிரைப் பூசலிற் பட்ட வீரர் பலரை அக்கற்கள் நினைவூட்டுகின்றன.

படுகளம், நடுகல் ஆகிய இரண்டும் சாவின் அடையாளங்களே. எனினும் இலக்கியம் கற்பார்க்கு இவ்விரண்டும் ஒரு வினாவை எழுப்புகின்றன. படுகளத்திற் கிடப்பவன், தான் செய்த பிழை அனைத்தையும் தந்தை பொறுத்துக்கொள்ளப் பெற்ற மகன். புறநானூறு பாடும் நடுகற்களுள் ஒன்றோ, தன்மேற் படையெடுத்த மக்களோடு பொருதலைக் கைவிட்ட தந்தைக்கு எழுந்த கல். முன்னவன் தந்தை திருதராட்டிரன், பின்னவன் கோப்பெருஞ்சோழன். இருவரும் பொறுத்தவரே, இருவரும் குடும்பத்தைப் பெரிதாகக் கருதியவரே. ஒருவன் பொறை குலத்தை அழித்தது. மற்றவன் பொறை குலத்தைக் காத்தது. இவ்வேறுபாடு எதனால் வந்தது என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

திருதராட்டிரன்

திருதராட்டிரனது பிழைக்கு அவனது கண்ணின்மையைக் காரணமாகக் கூறும் வழக்கு உண்டு. அது பொருந்தாது. அவன் கண்ணிலான்; ஆயினும் செவியுடையான். வியாசர் பாரதத்துச் சபாபருவத்திற் சூதின் தீமையை விதுரன் அவனுக்கு மறைவின்றி எடுத்துரைக்கின்றான். குலத்தின் பொருட்டு ஒருவனைத் துறத்தல் தக்கது என்னும் நீதியையும் அவன் எடுத்துக்காட்டுகின்றான். பின்னர்க் காந்தாரியும் மகனை விலக்குமாறு வேண்டுகின்றாள். ஈன்ற தாயே அவ்வாறு கூறியபின்பும், குலத்திற்கு அழிவு வருமாயின் வருக, என்னால் தடுத்தற்கியலாது என்னும் கருத்துப்பட விடையிறுத்து மறுசூதிற்கு இசைகின்றான் தந்தை. அறியாமையாற் செய்த பிழையன்று அது, அறிந்தே இசைந்தது.

இங்கு நாம் கூர்ந்து நோக்கத்தக்கது, ‘குடும்பம்’ என்னும் சொல்லுக்கு அவன் கொண்ட பொருள். பாண்டவர் அவனுக்கு அயலார் அல்லர்; தம்பியின் மக்கள்; தந்தையை இழந்து அவன் நிழலில் வளர்ந்தவர். திரௌபதியும் அவன் குலத்து மருமகளே. எனவே குடும்பத்தை எல்லாவற்றிற்கும் மேலாகக் கொண்டவன் என்னும் பெயர் திருதராட்டிரனுக்கு உண்மையிற் பொருந்தாது. தன் மகனொருவனையே குடும்பம் என எண்ணினான் அவன். மகன் முகம் வாடுதலைப் பொறாதவன், மருமகள் அவையில் இழுக்கப்படுதலைப் பொறுத்திருந்தான். அவள் வேண்டிய வரங்களை ஈந்து இழந்தவற்றை மீட்டளித்ததும் உண்மையே. ஆயினும் மகன் மீண்டும் இரந்தபோது, அளித்தது அனைத்தும் மறுசூதிற் போயிற்று. வில்லிபுத்தூரார் தமிழிற் பாடிய சூதுபோர்ச் சருக்கமும், தெருக்கூத்தில் நடைபெறும் துகிலுரிதலும் இத்தந்தையின் அவையைத் தமிழ் மக்கள் கண்முன் நிறுத்திவந்துள்ளன.

அவன் பொறையின் இயல்பை இறுதியிற் காட்டுவது ஸ்திரீபருவம். போர் முடிந்தபின் வீமனைத் தழுவ விழைவான்போற் கைநீட்டுகின்றான் திருதராட்டிரன். கண்ணன் குறிப்பறிந்து இரும்பாலான உருவத்தை முன்னே நிறுத்த, அதனை இறுகத் தழுவி நொறுக்குகின்றான். தன் மகன் செய்த கொடுமைகளையெல்லாம் வாழ்நாள் முழுதும் பொறுத்தவனால், தம்பி மகன் செய்த ஒன்றைப் பொறுத்தல் இயலவில்லை. இதனால், அவனிடம் இருந்தது பொறை அன்று, பற்றே என்பது பெறப்படும். பொறை ஆள்நோக்கி மாறுமாயின் அதனைப் பொறை என்றல் தகாது.

கோப்பெருஞ்சோழன்

இனிச் சோழனிடம் வருவோம். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்து வெளியிட்ட காலந்தொட்டு, கோப்பெருஞ்சோழன் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது பிசிராந்தையாரோடு அவன் கொண்ட நட்பே. பாடநூல்களும் அந்நட்பையே போற்றுகின்றன. அது தக்கதே. எனினும் அந்நட்பின் ஒளியில் அவனது தந்தைமை மறைந்துவிட்டது. அவன் வடக்கிருக்க நேர்ந்த சூழல் தந்தைக்கும் மக்களுக்கும் இடையே விளைந்த பூசலாகும். இதனை விடுத்து அவன் சாவை நட்பின் கதையாக மட்டும் கற்றல் குறையுடைய கல்வியாம்.

213ஆம் பாட்டு, மக்கள்மேற் போருக்கெழுந்த சோழனைத் தடுத்துப் புல்லாற்றூர் எயிற்றியனார் பாடியது, வஞ்சித்திணை, துணைவஞ்சித்துறை. போருக்குச் செல்வானைத் தடுத்து நிறுத்துதல் அத்துறையின் பொருள்களுள் ஒன்று. கீழ்பென்னாத்தூருக்குத் தெற்கே பெண்ணைக்கரையில் விளங்கிய திருக்கோவலூர் மலையமானின் சிறுமக்களைக் கிள்ளிவளவன் யானைக்கு இடப்புக்கபோது கோவூர்கிழார் தடுத்துப் பாடிய 46ஆம் பாட்டும் இத்துறையினதே. அங்குப் புலவர் பகைவன் மக்களைக் காக்கின்றார். இங்கோ அரசனிடமிருந்து அவன் மக்களையே காக்கின்றார்.

எயிற்றியனார் அறிவுரையில் நாம் காணும் நுட்பம் ஒன்றுண்டு. மக்களின் செயல் நன்று என்று அவர் எங்கும் கூறவில்லை. அவர்களை ஆராய்ச்சியற்ற இளையோர் என்றே குறிக்கின்றார். எனவே பிழையை மறைத்துக் காட்டும் பரிவு அவரிடம் இல்லை. அவர் அரசன்முன் வைப்பது ஒரு கணக்கு. நின்னோடு பொர வந்தோர் நின் பழம்பகைவர் அல்லர். நீ மறைந்தபின் தாயம் அவர்க்கே உரியது. அவர் தோற்பின் நின் செல்வத்தை யார்க்கு விட்டுச் செல்வாய். நீ தோற்பின் நின்னை இகழ்வார் மகிழப் பழியே எஞ்சும் என்கின்றார். வெற்றி, தோல்வி இரண்டுமே தந்தைக்குத் தோல்வியாக முடியும் போர் அது. ஆகவே மறத்தை ஒழித்து, வானோர் விரும்பி எதிர்கொள்ளும் நல்வினையை நாடுக என்று முடிக்கின்றார்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். 213ஆம் பாட்டில் மகன் என்னும் சொல்லே இல்லை. வந்தோர் இருவர் என்னும் செய்தியே உண்டு. மக்கள் என்பது பாட்டின் கீழுள்ள குறிப்பால் அறியப்படுவது. அக்குறிப்போ தொகுத்தோர் காலத்தது. இவ்வையம் நியாயமானதே. ஆயினும் இளையோர், தாயத்திற்கு உரியோர், பகைவர் அல்லாதோர் என்னும் மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின் மக்கள் என்பதே நேரிய பொருளாகும். பாட்டின் வாதம் முழுதும் அவ்வுறவின்மேல் நிற்கின்றது. குறிப்பை நீக்கினும் பொருள் வீழாது.

அரசனது வாய்மொழியும் மௌனமும்

சோழன் தானே பாடியனவாகப் புறநானூற்றில் 214, 215, 216 ஆகிய மூன்று பாட்டுகள் உள்ளன. முதற்பாட்டு, நல்வினை செய்வோமோ என்று ஐயுறுவாரை நோக்கியது. யானை வேட்டுவன் யானையைப் பெறுதலும் கூடும், குறும்பூழ் வேட்டுவன் வெறுங்கையோடு மீளுதலும் கூடும். ஆதலால் உயர்ந்ததையே கருதுக என்பது அதன் கருத்து. எயிற்றியனார் நல்வினையைச் சுட்டி முடித்தவிடத்திலேயே அரசனது பாட்டுத் தொடங்குதல்போல் அமைந்திருத்தல் காண்க. ஏனைய இரண்டும் பிசிராந்தையார் வருவார் என்னும் உறுதியை மொழிகின்றன.

இம்மூன்றிலும் மக்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பழியும் இல்லை; முறையீடும் இல்லை; சாவை அவர்கள்மேற் சுமத்தும் குறிப்பும் இல்லை. மௌனத்தைச் சான்றாகக் கொள்ளுதலில் எச்சரிக்கை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. மக்களைப் பாடிய பாட்டு மறைந்துபோயிருத்தலும் கூடும். எனினும் கிடைத்தவற்றை வைத்தே ஆராய்தல் நம் கடன். செல்வக்காலத்தில் வாராவிடினும் அல்லற்காலத்தில் வருவான் என நண்பனைப் பற்றிப் பேசுமிடத்து, அல்லலை விளைத்தோரைப் பற்றி ஒரு சொல் எழுதற்கு இடமிருந்தது. அவ்விடத்தும் அவன் அதனைக் கூறவில்லை.

இம்மௌனத்திற்கு வலிமை தருவது 222ஆம் பாட்டு. அரசனோடு தாமும் வடக்கிருக்க விழைந்தவர் பொத்தியார். அப்போது அவர் மனைவி கருவுற்றிருந்தாள். மகன் பிறந்தபின் வருக என்று சொல்லி அரசன் அவரைத் திருப்பி அனுப்புகின்றான். மகன் பிறந்தபின் மீண்டு வந்த புலவர், நடுகல்லாகிவிட்ட அரசனை நோக்கி, என்னை அன்று ஒழித்துவிட்ட அன்பிலாதவனே, எனக்குரிய இடம் எது என்று வினவுகின்றார். அடுத்த பாட்டில் அக்கல் அவருக்கு இடமளிக்கின்றது.

இந்நிகழ்ச்சியை நட்பின் உயர்வுக்கே பலரும் எடுத்துக்காட்டுவர். மகப்பேறு இன்றி வடக்கிருத்தல் மரபன்று என்று விளக்குவாரும் உளர். அஃது உண்மையாயினும் அரசனது மனநிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மக்களாலேயே வாழ்வின் இறுதிக்கு வந்தவன் அவன். பெற்ற மக்கள் படையோடு எதிர்வந்ததைக் கண்டவன், ‘மக்களாற் பயனென்ன’ என்று கூறியிருப்பின் வியப்பில்லை. அவனோ உயிர்நண்பனைத் தன்னருகிருந்து விலக்கி, மகன் முகம் கண்டு வருக என்கின்றான். தன் மக்கள் செய்த பிழையால் தந்தைமை என்னும் பேற்றின்மேல் அவன் வெறுப்புக் கொள்ளவில்லை. பொத்தியார் அன்பின்மை என்று ஊடிக் கூறியது, நம் நோக்கில், புண்பட்ட தந்தையொருவன் பொறுத்தமைக்குக் கிடைக்கும் மிக வலிய சான்றாகும்.

பொறையும் சுமையும்

சோழன் நாணத்தால் இறந்தான், அதனைப் பொறுத்தல் என்பது எங்ஙனம் என வினவலாம். வடக்கிருத்தலே மக்களைக் குற்றஞ்சாட்டும் செயல் ஆகாதோ எனவும் கேட்கலாம். நாணம் இருந்திருக்கும், அதனை நாம் விலக்கவில்லை. ஆயின் குற்றஞ்சாட்டும் சாவு குற்றவாளியைச் சுட்டும். இச்சாவு எவரையும் சுட்டவில்லை. தாயம் மக்களுக்குத் தடையின்றிச் செல்லுமாறு தந்தை விலகிக்கொண்டதையே நாம் காண்கின்றோம்.

தமிழிற் பொறை என்னும் சொல்லுக்குச் சுமை என்னும் பொருளும் உண்டு. திருக்குறளின் 16ஆம் அதிகாரமாகிய பொறையுடைமை, தன்னை அகழ்வாரைத் தாங்கும் நிலத்தை உவமையாகக் கொண்டு தொடங்குவதும் இதுபற்றியே. பிழையைப் பொறுத்தலாவது அதன் பாரத்தைத் தான் தாங்குதல். பிழையொன்று நிகழ்ந்தபின் அதன் பாரம் எவர்மீதேனும் இறங்கியே தீரும். திருதராட்டிரன் தன் மகனது பிழையின் பாரத்தைப் பாண்டவர்மீதும் திரௌபதிமீதும், முடிவில் இரு பக்கத்துப் படைஞர்மீதும் இறக்கிவிட்டு, பொறுத்தேன் என்றான். கோப்பெருஞ்சோழன் அதனைத் தன் உடலின்மேல் ஏற்றுக்கொண்டான். குடிமக்களுள் ஒருவனையும் அப்போரிற் சாகவிட்டிலன்.

பெரியபுராணத்து மனுநீதிச்சோழன் இவ்விருவரினும் வேறானவன். ஆவின் கன்றைக் கொன்ற மகன்மேல் தேரூர்ந்தவன் அவன். அங்குப் பிழைக்கு ஆளானது பிறிதோர் உயிர். ஆதலால் அதனைப் பொறுக்கும் உரிமை தந்தைக்கு இல்லை. கோப்பெருஞ்சோழனிடத்திற் பிழை தந்தைக்கே இழைக்கப்பட்டது. ஆகவே பொறுக்கும் உரிமை அவனுக்கு இருந்தது. திருதராட்டிரனோ பிறர்க்கு இழைக்கப்பட்ட பிழையைத் தான் பொறுத்தான். மூவரையும் ஒருங்கு வைத்துக் காணின் தமிழ் மரபு தந்தையின் பொறைக்கு வகுத்த எல்லை புலனாகும். தனக்குச் செய்ததைத் தந்தை பொறுக்கலாம். பிறர்க்குச் செய்ததைப் பொறுக்க அவனுக்கு உரிமையில்லை.

காவியத்தையும் தனிப்பாட்டுகளையும் ஒப்பிடுதல் முறையோ எனின், நாம் ஒப்பிட்டது வரலாற்றை அன்று. பொறை என்னும் பண்பு இரண்டிடத்தும் எவ்வாறு கருதப்பெற்றது என்பதையே ஆம். குடும்பத்தை எல்லாவற்றினும் மேலாக வைத்த தந்தையர் நம் இலக்கியத்தில் இன்னும் பலர் உளர். அவரைப் போற்றுமுன், அவருடைய குடும்பத்துள் எவரெவர் அடங்குவர், அவர் பொறுத்த பிழையின் பாரத்தைத் தாங்கியவர் யாவர் என்னும் இரண்டு வினாக்களை எழுப்புதல் ஆராய்வார் கடன். திருவண்ணாமலை வட்டாரத்திற் படுகளம் காணச் செல்லும் மாணவர், மண்ணிற் கிடக்கும் மகனுருவைக் காணும்போது, அம்மகனைத் திருத்தாது பொறுத்த தந்தையையும் நினைத்தல் வேண்டும். அவ்வாறு நினைப்பார்க்குப் புறநானூற்றின் 213 முதல் 223 வரையுள்ள பாட்டுகள், நட்பின் இலக்கியமாக மட்டுமன்றித் தந்தைமையின் இலக்கியமாகவும் விளங்கும்.