வெள்ளிக்கிழமை வகுப்பு

லண்டன் பிரசங்கியார் சார்லஸ் ஸ்பர்ஜன் 1856இல் போதகர் கல்லூரி தொடங்கியபோது அவருக்கே வயது 22ஐத் தாண்டவில்லை. பிரசங்கிக்கும் வரம் இருந்தும் கையில் காசில்லாத இளைஞர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் தந்து படிக்க வைத்தார்.

நான் பெரிதும் ரசிப்பது, வாரம் முழுக்கப் படித்துக் களைத்தவர்களுக்கு அவர் வெள்ளிக்கிழமை மதியம் நடத்திய வகுப்பை. அந்த உரைகள் 1875 முதல் நூலாகவும் வந்தன. எத்தனை நுணுக்கம்! மூக்கால் பேசாதே, வாயைத் திறந்து பேசு என்கிறார். கையை எப்படி அசைப்பது என்பதற்குப் படம்கூட உண்டு. காற்றோட்டம் இல்லாத ஆலயத்தில் சபை தூங்கிவிடும், ஜன்னலைத் திற என்கிறார். ஊழியரைப் பிடிக்கும் மனச்சோர்வுக்குத் தனி உரையே இருக்கிறது; தானும் அதில் துவண்டதை அவர் மறைக்கவில்லை. அவர் மனைவி சூசன்னாவும் தன் பங்குக்கு, ஏழைப் போதகர்களுக்குப் புத்தகம் அனுப்பும் நிதியைத் தொடங்கினார்.

உங்கள் சபையிலும் பிரசங்கிக்க ஆசைப்படும் தம்பி ஒருவன் இருப்பான். முதுகில் தட்டிக்கொடுத்தால் மட்டும் போதாது. நல்ல புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவன் பிரசங்கத்தைக் கடைசிவரை கேட்டு, அன்போடு நிறைகுறை சொல்லுங்கள்.