தொடக்கக் கல்வியில் திறன்பேசியும் புலனக் குழுவும்: ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு ஒன்றாம் வகுப்பு முதலான புதிய பாடநூல்கள் விரைவுத் துலங்கல் குறியீடுகளுடன் வெளிவந்தன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. இவை பாடத்தைக் காட்சியோடும் ஒலியோடும் இணைத்தன என்பது மறுக்கவியலாதது. ஆயின், கருவி யார் கையில் உள்ளது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

குறியீடு குழந்தையின் நூலில் உள்ளது. அதனைத் திறக்கும் திறன்பேசியோ பல வீடுகளில் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடுகிறது. புலனத்தில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். எனவே, 5 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்கான வகுப்புக் குழு என்பது உண்மையில் பெற்றோர் குழுவே. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று திறக்கப்படும்வரை, பல பள்ளிகளில் இக்குழுவே வகுப்பறையாகக் கொள்ளப்பட்டது. ஆசிரியருக்கு வந்து சேர்ந்தது எழுதி முடித்த பக்கத்தின் நிழற்படம். எழுத்தின் சுழியைக் குழந்தை எங்குத் தொடங்கியது, எவ்விடத்தில் தயங்கியது என்பன அதில் இல்லை. எழுத்தறிமுகப் பருவத்தில் ஆசிரியர் காண வேண்டியது அத்தயக்கத்தையே. தன்னார்வலர்களைக் குழந்தைகளின் இருப்பிடத்திற்கே அனுப்பிய 'இல்லம் தேடிக் கல்வி' 2021இல் தொடங்கப்பட்டமை, திரை நிரப்பாத இடைவெளியை அரசே உணர்ந்தமைக்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது.

வகுப்பில் ஆசிரியர் திறக்கும்போது குறியீடு அனைவருக்கும் பொதுவாகிறது; வீட்டுப்பாடமாக அனுப்பப்படும்போது கருவியுடையோர்க்கு மட்டும் உரியதாகிறது. பதிவிறக்க எண்ணிக்கையைக் காட்டிலும் இவ்வேறுபாட்டை அளப்பதே இத்துறை ஆய்வுகளின் முதற்கடமையாகும்.