பேஸ்மேக்கர்: காரணம் முன்னே, கருவி பின்னே

மயங்கி விழுவது கோலார் தங்கவயலில் ஆராய்ச்சிப் பொருளானது இன்று நேற்றல்ல. சுரங்கத்துக்குள் தொழிலாளர்கள் சுருண்டு விழுந்த நிகழ்வுகளை அலசி, அங்கே மருத்துவராகப் பணியாற்றிய ஆண்டனி கேப்லன் 1940களில் லண்டனின் சுரங்க, உலோகவியல் கழக வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஆழம் கூடக் கூட வெக்கையும் கூடிய அந்தச் சுரங்கத்தில் முதல் சந்தேகம் வெப்பத்தின்மேல் விழுந்தது இயல்பே. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அன்று நாற்பது வயதில் இருந்த தொழிலாளி இன்று அறுபதைத் தாண்டியவர். மயக்கம் இப்போது தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் ஊருக்குள் இருக்கும் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிக்கும் வந்துவிட்டது. சந்தேகமும் வெப்பத்தை விட்டு இதயத்துக்கு மாறிவிட்டது. ‘பேஸ்மேக்கர் வைத்தால் சரியாகிவிடுமா?’ என்பது முதியவர் உள்ள வீடுகளில் இயல்பாக எழும் கேள்வி. அதற்கு ஆராய்ச்சிகள் தரும் விடை ஆமாம் என்பதும் அல்ல, இல்லை என்பதும் அல்ல. பேஸ்மேக்கர் மெதுவாகத் துடிக்கும் இதயத்துக்கான சிகிச்சை. மயக்கத்துக்கான சிகிச்சை அல்ல. இந்த வேறுபாட்டை மதிக்கும் இடத்தில் அதற்கு இணையான கருவி இல்லை; மறக்கும் இடத்தில் அது செலவும் சுமையுமாகிறது.

முதலில் அதன் வலிமையைப் பார்த்துவிடுவோம். இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்தூண்டல் கீழறைக்குப் போய்ச் சேராமல் முற்றிலும் தடைபடும் நிலைதான் முழுமையான ‘ஹார்ட் பிளாக்’. கீழறை அப்போது தன் போக்கில் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது முறை துடிக்கும். சில வேளை பல நொடிகள் நின்றும் போகும். மூளைக்குச் சில நொடிகள் ரத்தம் போகாவிட்டால் போதும், நினைவு தப்பிவிடும். மெதுவான நாடியோடு வரும் இந்த மயக்கத்தை டப்ளின் மருத்துவர்கள் ராபர்ட் ஆடம்ஸ் 1827இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846இலும் விவரித்தனர். நூறாண்டுக்கு மேல் விவரிக்க முடிந்ததே தவிர, தடுக்க முடியவில்லை. 1958 அக்டோபரில் சுவீடனில் ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர், ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற பொறியாளர் செய்த கருவியை ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் வைத்தார். முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. ஆனால் ஒன்று மாற்றி ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளோடு வாழ்ந்த லார்சன், மருத்துவரும் பொறியாளரும் மறைந்த பிறகு, 2001இல் தமது 86ஆம் வயதில் வேறொரு நோயால் இறந்தார். முழுமையான ஹார்ட் பிளாக்கில் பேஸ்மேக்கரின் பயனை நிறுவ இதற்கு மேல் வாதம் தேவையில்லை. அங்கே தயங்குவதுதான் தவறு.

சிக்கல் இந்த வெற்றிக்குப் பின்னால் வந்தது. இதயத்தின் மின்பாதை பழுதடையாமலே, நரம்பின் எதிர்வினையால் நாடி தளர்ந்து விழுபவர்கள் ஏராளம். அவர்களுக்கும் கருவி உதவுமா என்று பார்த்த வட அமெரிக்க ஆய்வு 1999இல் வெளியானது. 54 பேர் பங்கேற்றனர். கருவி இல்லாதவர்களில் 70 விழுக்காட்டினர் மறுபடி மயங்கினர், கருவி பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் மட்டுமே. கேள்வி முடிந்தது என்றே தோன்றியது. ஆனால் யாருக்குக் கருவி உண்டு, யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதே ஆய்வாளர்கள் 2003இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள்: நூறு பேருக்கும் கருவி பொருத்தி, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மட்டும் அதை இயக்கினார்கள், யாருடையது ஓடுகிறது என்று அவர்களிடம் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் மீண்டும் மயங்கியவர்கள் கருவி ஓடாதவர்களில் 40 விழுக்காடு, ஓடியவர்களில் 31. இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம். முதல் ஆய்வு காட்டிய பெரும் பலனில் கணிசமான பகுதி கருவியின் மின்சாரத்தால் வந்ததல்ல, நம்பிக்கையால் வந்தது என்றே கொள்ள வேண்டும். காரணமும் விளங்கக்கூடியதே: இவ்வகை மயக்கத்தில் துடிப்பு குறைவது பாதிதான், ரத்தக்குழாய்கள் தளர்ந்து அழுத்தம் சரிவது மறுபாதி. துடிப்பைப் பிடித்து நிறுத்தும் கருவியால் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்த முடியாது.

அதோடு இந்தக் கதை முடிந்திருந்தால் முடிவு எளிது. 2012இல் வெளியான ‘இஷ்யூ-3’ ஆய்வு கேள்வியையே மாற்றிக் கேட்டது. தோலுக்கடியில் வைக்கும் லூப் ரெக்கார்டர் மூலம், இதயம் உண்மையிலேயே நொடிக்கணக்கில் நின்றதைப் பதிவுசெய்த பிறகே, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கருவி வைத்தது. இங்கும் யாருடையது ஓடுகிறது என்பது மறைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் கருவி ஓடாதவர்களில் 57 விழுக்காட்டினரும், ஓடியவர்களில் 25 விழுக்காட்டினரும் மயங்கினர். நோயாளியைச் சாய்த்து நிறுத்திப் பார்க்கும் சாய்வு மேசைச் சோதனையில் இதயம் நிற்பதை உறுதிசெய்து தேர்ந்த 128 பேரிடம் நடந்த ‘பயோசிங்க்’ ஆய்வும் 2021இல் இதே திசையில் பேசியது. இவையும் சிறு ஆய்வுகளே, மிகைப்படுத்தக் கூடாது. ஆனால் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் தெளிகிறது: அதே சிகிச்சை, ஆதாரத்தோடு தேர்ந்தவர்களிடம் பலித்தது, அறிகுறியை மட்டும் பார்த்துத் தேர்ந்தவர்களிடம் பலிக்கவில்லை. ஆகவே மயங்கும் நொடியில் இதயம் என்ன செய்தது என்பதே தீர்ப்பு சொல்லும் சாட்சி.

தங்கவயலில் அந்தச் சாட்சிக்கு முன்னால் விசாரிக்க வேண்டியவை இன்னும் உண்டு. சிலிக்காத் தூசி தின்ற நுரையீரல் இங்கே ஒரு தலைமுறையின் சொத்து. கடும் இருமலின்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, நினைவு தப்புவதுண்டு. நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடியவர் மேடு ஏறும்போது விழலாம். இவ்விரண்டுக்கும் பேஸ்மேக்கரால் பொதுவாகப் பயனில்லை. மூச்சிரைப்புக்குத் தரும் தியோஃபிலின் வகை மருந்துகள் துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடும். ரத்த அழுத்தத்துக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் தரும் மாத்திரைகள் எழுந்து நிற்கும்போது அழுத்தத்தைச் சரிய வைக்கும். மெட்டோப்ரோலால், டில்டியாசெம், டிகாக்சின், ஏன், கண்ணழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டுமருந்துகூட, முதியவரின் துடிப்பை ஆபத்தான அளவுக்குக் குறைக்கலாம். இசிஜி-யில் மெதுவான துடிப்பு தெரிந்தாலும், அது மருந்தால் வந்ததென்றால் மாற்ற வேண்டியது மருந்துச் சீட்டைத்தான். மருந்தை நிறுத்திய பிறகும் துடிப்பு தேறாதவருக்கே கருவியைப் பற்றிப் பேசலாம்.

இந்த விசாரணைக்குப் பெரிய மருத்துவமனை தேவையா? மயக்கத்துக்காகச் சேர்க்கப்பட்ட 65 வயதைக் கடந்தவர்களின் 2,106 அனுமதிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு இதற்கு விடை தருகிறது. தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தது 63 விழுக்காட்டினருக்கு. படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்த்ததோ 38 விழுக்காட்டினருக்கு மட்டும். ஆனால் நோயைக் கண்டறியவும் சிகிச்சையை மாற்றவும் அதிகம் உதவியது அந்த மலிவான சோதனைதான். ஐந்து நிமிடம் படுக்க வைத்து, எழுப்பி நிறுத்தி, மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ சரிகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு பி.பி. கருவியும் பொறுமையும் போதும். ஆனால் காப்பீட்டு முறை எதிர்த் திசையில் சாய்ந்திருக்கிறது. 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்குத் தருகிறது. வழக்கமான வெளிநோயாளிப் பரிசோதனை அதில் அடங்காது. கருவி பொருத்துவது காப்பீட்டுக்குள் வரும். விழுந்ததன் காரணத்தைத் தேடி நாலு முறை நடப்பது கைக்காசில் முடியும். மருத்துவர் எவ்வளவு நேர்மையானவரானாலும், இந்த ஏற்பாடு கருவியின் பக்கமே தள்ளும்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறிப் போய்வர வேண்டிய முதியவரை, ரெக்கார்டரில் மயக்கம் பதிவாகும்வரை காத்திருக்கச் சொல்வது கொடுமையல்லவா? அடுத்த விழுகையில் இடுப்பெலும்பு முறிந்தால் யார் பொறுப்பு? இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. இதயத்தின் மின்கிளைகளில் இரண்டு பழுதடைந்து, மயங்கியும் விழுந்த 115 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ‘ஸ்பிரைட்லி’ ஆய்வில், ரெக்கார்டர் வைத்துக் காத்திருந்தவர்களைவிட முதலிலேயே கருவி பெற்றவர்களுக்குப் பெரிய பாதிப்புகள் குறைவாக இருந்தன. அதனால் அத்தகைய இசிஜி உள்ளவரை இழுத்தடிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஆய்வு என் வாதத்தை உடைக்கவில்லை. அவர்களை அடையாளம் காட்டியதும் ஒரு எளிய இசிஜி-யே. சீரான இசிஜி உள்ளவருக்கு, தூரத்தைக் காரணம் காட்டிக் கருவி வைப்பதை அது ஆதரிக்கவில்லை.

இன்னொரு மறுப்பு: நம்பிக்கையாலாவது குணமானால் என்ன நட்டம்? நட்டம் பல. பேட்டரி தீர்ந்தால் மீண்டும் அறுவை; கம்பியில் கிருமி தொற்றினால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியிருக்கும். வலது கீழறையை ஆண்டுக்கணக்கில் தூண்டிக்கொண்டே இருந்தால் சிலருக்கு இதயத்தின் சுருங்கும் திறனே தளர்கிறது. இயற்கையான மின்பாதையிலேயே தூண்டும் புதிய முறை இதைக் குறைக்கலாம். மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரியின் சண்முக சுந்தரம் பொன்னுசாமி போன்றோர் அதில் குறிப்பிடத்தக்க ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய நட்டம், கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் உண்மைக் காரணம் கவனிக்கப்படாமல் போவது. தொடர்ந்து கீழே விழும் முதியவர்களிடம் இது வெளிப்பட்டது. கழுத்து நாடி நரம்பின் மிகைவினை உள்ளவர்களுக்குக் கருவி வைத்தால் விழுவது வெகுவாகக் குறைகிறது என்று 2001இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் 2010இல் வந்த தொடர் ஆய்வில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. முதுமையில் ஒருவர் விழுவதற்குப் பெரும்பாலும் ஒற்றைக் காரணம் இருப்பதில்லை.

இந்த ஆய்வுகள் எவையும் தூசி தின்ற சுரங்க நுரையீரல்களை மனதில் வைத்து நடந்தவை அல்ல என்று ஒருவர் சொன்னால், அதை அப்படியே ஏற்கலாம். ஆனால் அது கருவியை அவசரமாக வைப்பதற்கான வாதம் ஆகாது. இங்கேயே ஆராய வேண்டும் என்பதற்கான வாதம். ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனைக்கு மயங்கி விழுந்து வரும் ஒவ்வொரு முதியவருக்கும் நான்கு காரியங்கள் தவறாமல் நடக்கட்டும்: விழுந்ததைப் பார்த்தவரிடம் விசாரணை, மருந்துச் சீட்டின் முழுப் பரிசீலனை, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ஒரு இசிஜி. முடிவுகளை ஒரே பதிவேட்டில் எழுதி வைக்கட்டும். ஹார்ட் பிளாக் தெரிந்தவர் அன்றே பெங்களூருக்கோ கோலாருக்கோ அனுப்பப்படட்டும். காரணம் புலப்படாமல் திரும்பத் திரும்ப விழுபவருக்கு லூப் ரெக்கார்டர் செலவைக் காப்பீடு ஏற்கட்டும். சில ஆண்டுகளில் அந்தப் பதிவேடு, இந்த ஊரின் முதியவர்கள் எதனால் விழுகிறார்கள் என்பதையும், அவர்களில் எத்தனை பேருக்குப் பேஸ்மேக்கர் உண்மையில் தேவை என்பதையும் வேறெந்த நாட்டு ஆய்வையும்விடத் தெளிவாகச் சொல்லும்.