740-இல் 14: காவிரித் தீர்ப்பில் ஆற்றின் பங்கு

காவிரித் தீர்ப்பைப் பற்றிப் பேசாதவர்கள் நம்ம ஊரில் கிடையாது. ஆனால் பேச்சு முழுக்க இரண்டு எண்களைச் சுற்றித்தான்: நமக்கு எவ்வளவு, கர்நாடகத்துக்கு எவ்வளவு. 2007 பிப்ரவரி 5-இல் நடுவர் மன்றம் தந்த இறுதித் தீர்ப்பில் யாரும் சண்டை போடாத இரண்டு வரிகளும் உண்டு. இந்தப் பதிவு அவற்றைப் பற்றியது.

மொத்தம் 740 டி.எம்.சி. தமிழ்நாடு 419, கர்நாடகம் 270, கேரளம் 30, புதுச்சேரி 7. கூட்டினால் 726. மீதி 14-இல், 10 சுற்றுச்சூழலுக்கு; 4 தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிப் போகிற நீர். ஆறு கடலில் சேர்வதை ஏதோ கசிவு மாதிரி எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல்லாட்சியே தீர்ப்பின் மனநிலையைக் காட்டிவிடுகிறது.

ஆனாலும் பாராட்ட வேண்டியதைப் பாராட்டணும். 1892, 1924 ஒப்பந்தங்களின் கவலை பாசனமும் அணைகளும்தான். ஆற்றுக்கென்று ஒரு எண்ணை எழுதியது நடுவர் மன்றம்.

இப்போது மாதவாரி அட்டவணையை எக்செல்லில் போட்டுப் பாருங்கள். பிலிகுண்டுலுவில் வரவேண்டியது 192 டி.எம்.சி. ஜூன் முதல் ஜனவரி வரை கூட்டினால் சரியாக 182. பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 வீதம் 10. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் 192-ஐ 177.25 ஆகக் குறைத்தது. அதன்படி மாற்றப்பட்ட அட்டவணையில் ஜூன் முதல் ஜனவரி வரை எல்லா மாதமும் குறைந்தது. இந்த நான்கு மாதங்களின் 2.5 அப்படியே நிற்கிறது. அதாவது கோடைக்கால 10 டி.எம்.சி.தான் ஆற்றின் பங்கு. காகிதத்தில் கணக்கு அழகாக டேலி ஆகிறது.

தண்ணீரில்தான் சிக்கல். மாதம் 2.5 டி.எம்.சி. என்றால் விநாடிக்குச் சுமார் 965 கன அடி. அது பிலிகுண்டுலுவைத் தாண்டியதும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள மேட்டூர் அணைக்குள் போய்க் கலந்துவிடுகிறது. பாசனத்துக்கு மேட்டூர் திறப்பது வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. ஆற்றுக்கு ஒதுக்கிய மாதங்களில் பாசன மதகு மூடியிருக்கும். குடிநீருக்குத் திறக்கிறார்களே என்பீர்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் உறிஞ்சிக்கொள்ளும் நீரை ஆற்றின் கணக்கிலும் எழுதினால், ஒரே ரூபாயை இரண்டு பாஸ்புக்கில் வரவு வைத்த மாதிரி.

தீர்ப்பின் ஓட்டை இதுதான். மாநிலங்களுக்குக் கேட்க ஆள் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், மேலாண்மை ஆணையம் இருக்கிறது. 10 டி.எம்.சி.க்கு உரிமை கோர ஆள் இல்லை. ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் படுகையில், 2007 நீர்ச் சட்டப்படி ஆற்றுக்காக நீர் உரிமைகளை வைத்திருக்கத் தனி அதிகாரியே உண்டு. 2012 திட்டத்தில் அங்கே பயன்பாட்டிலிருந்து மீட்க நினைத்தது 2,750 கிகாலிட்டர். நம்ம கணக்கில் சுமார் 97 டி.எம்.சி. அதற்கு விவசாயிகள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த வலி உண்மையானது.

இங்கேயும் வலி இருக்கும். பற்றாக்குறை ஆண்டில் மே மாதம் மேட்டூரில் சேமித்த ஒவ்வொரு டி.எம்.சி.யும் குறுவைக்கு உயிர். அதை ஆற்றில் விடு என்று ராயப்பேட்டையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். அதுவும் சென்னைக்கு வரும் வீராணம் குழாயின் திட்ட அளவு நாளுக்கு 180 மில்லியன் லிட்டர். வருஷத்துக்குச் சுமார் 2.3 டி.எம்.சி. ஆற்றின் ஒரு மாதப் பங்குக்குக் கிட்டத்தட்ட சமம். நாமும் இந்தக் கணக்கில் இருக்கிறோம்.

ஆனால் ஆற்றையும் விவசாயியையும் எதிரெதிரே நிறுத்துவது பாதி உண்மைதான். கடைமடையில் நன்னீர் குறைந்தால் உப்பு உள்ளே ஏறும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் பக்கத்து வயலுக்கும் தேவைப்படுவது அதே நன்னீர்.

அதனால் என் கோரிக்கை சின்னது. புதுசாக ஒரு டி.எம்.சி.கூட வேண்டாம். பிப்ரவரி முதல் மே வரை, மேட்டூருக்குக் கீழே ஆற்றுக்கென விட்ட நீர் எவ்வளவு, அதில் கொள்ளிடம் கடைசித் தடுப்பைத் தாண்டியது எவ்வளவு என்று குடிநீரிலிருந்து பிரித்துத் தனி வரியாக வெளியிடட்டும். ஒரு வருஷம் பூஜ்யம் என்று வந்தாலும் பரவாயில்லை. வறட்சியில் ஆற்றின் பங்கைக் குறைத்தோம் என்று எழுதிவைத்தால், அடுத்த நல்ல மழையில் திருப்பிக் கேட்க முடியும்.