குந்தவை என்னும் பெயர்: பொருளும் பிறப்பும் வழக்கும்

தமிழ் வாசகருள் குந்தவை என்ற பெயரைக் கேள்விப்படாதவர் சிலரே; அதைத் தம் மகளுக்குச் சூட்டியவரோ அவரினும் சிலர். பத்தாம் நூற்றாண்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை சோழர் குடியிலும் வேங்கிச் சாளுக்கியர் குடியிலும் மாறிமாறி வழங்கிய இப்பெயர், பின்னர் நெடுங்காலம் கல்வெட்டுகளில் மட்டுமே உறங்கிக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் அச்சின் வழியே மீண்டும் தமிழர் வாயில் புழங்கத் தொடங்கியது. அரச குடும்பங்களுக்குள் ஒருவர் பெற்ற புகழ் அப்பெயரை அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் சென்றது. நம் காலத்திலோ அதே புகழ் அப்பெயரை ஒரே ஒருவருக்கு உரியதாக்கி, பிறர் எடுத்தாளத் தயங்கும்படி செய்துவிட்டது. இப்பெயரின் பொருளையும் பிறப்பையும் வழக்கையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்த முரண் விளங்கும்.

இயற்பெயரும் பட்டப்பெயரும்

சோழ அரசியரின் பெயர்களாக இன்று அறியப்படுபவற்றுள் பெரும்பாலானவை பட்டப்பெயர்கள். செம்பியன்மாதேவி, வானவன்மாதேவி, பஞ்சவன்மாதேவி, உலகமாதேவி என்பன குலத்தின் பெயரையோ உலகு போன்ற உயர்வுச் சொல்லையோ ‘மாதேவி’ என்பதனோடு சேர்த்து அமைத்தவை; இவற்றால் ஒருத்தியின் அரசநிலை தெரியுமேயன்றி, பிறந்த வீட்டில் அவளை எவ்வாறு அழைத்தனர் என்பது தெரியாது. முதலாம் இராசராசனின் பட்டத்தரசியான உலகமாதேவிக்குத் தந்திசக்தி விடங்கி என்ற இயற்பெயர் இருந்தது என்பதைக் கல்வெட்டுகள் இரு பெயர்களையும் சேர்த்துச் சொல்வதால்தான் அறிய முடிகிறது. ஒரே பட்டப்பெயர் பல தலைமுறைகளில் பலருக்கு வழங்கியதால், அவருள் யார் எவர் என்று பிரித்தறிவது ஆய்வாளருக்கு இன்றும் சிக்கலாகவே உள்ளது.

குந்தவை என்பது இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது முழுமையான இயற்பெயர். பிராட்டியார், மாதேவியார், ஆழ்வார் முதலிய மதிப்புச் சொற்கள் அதன் பின்னும் முன்னும் வந்து சேருமேயொழிய அதை நீக்கிவிட்டு அதனிடத்தில் நிற்பதில்லை. ஆழ்வார் என்பது இங்கு வைணவ அடியாரைக் குறிக்காமல், அரச குடியினரைப் போற்றி வழங்கும் சொல்லாக நிற்கிறது என்பதும் கருதத்தக்கது. பட்டங்களால் மறைக்கப்படாமல் இயற்பெயராகவே கல்லில் நிலைத்தமையால்தான் இப்பெயர் எங்கிருந்து எங்குச் சென்றது என்பதைத் தொடர்ந்து பார்க்க முடிகிறது.

நான்கு குந்தவையர்

சோழர் வரலாற்றில் முதலில் தெரியவரும் குந்தவை, பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிறிது காலமே ஆண்ட அரிஞ்சய சோழனின் தேவியருள் ஒருவர். கணவன் மறைந்த பின்னும் வாழ்ந்து, அவன் மகன் சுந்தர சோழனின் ஆட்சியில் அறக்கொடை அளித்த இவரை, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு வீமன் குந்தவையார் என்று குறிக்கிறது. தந்தையின் பெயரை முன்னே வைத்து மகளின் பெயரைச் சொல்வது அக்கால வழக்கு; இன்று தமிழர் பெயருக்கு முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்தை இடுவதும் அதே முறையைச் சார்ந்ததே. பீமன் என்பது தமிழில் வீமன் ஆவது இயல்பாதலின், இவர் வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் பீமனின் மகளாகலாம் என்று அறிஞர் சிலர் கருதுவர். அக்கருத்து சரியாயின், குந்தவை என்ற பெயர் கோதாவரிக்கும் கிருஷ்ணாவுக்கும் இடைப்பட்ட நாட்டிலிருந்து ஒரு மணமகளோடு காவிரிக்கரைக்கு வந்தது என்று கொள்ள வேண்டும்.

இரண்டாமவரே எல்லோரும் அறிந்த குந்தவைப் பிராட்டியார். இவர் சுந்தர சோழனின் மகள், அரிஞ்சயனின் பேத்தி, முதலாம் இராசராசனின் தமக்கை, வல்லவரையர் வந்தியதேவரின் தேவி. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இவரைப் பராந்தகன் குந்தவை என்று வழங்குவதற்கும் தந்தை பெயரை முன்வைக்கும் வழக்கே காரணம். இரண்டாம் பராந்தகன் என்பது சுந்தர சோழனின் மற்றொரு பெயர். இராசராசன் தன் கொடைகளையும் பிறர் கொடைகளையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிடும்போது, தான் கொடுத்தவற்றுக்கு அடுத்ததாக, தன் தேவியர் கொடுத்தவற்றுக்கும் முன்னதாக, ‘அக்கன்’ கொடுத்தவற்றை வைக்கிறான். அக்கன் என்பது அக்காளைக் குறிக்கும் வீட்டுச்சொல். ஆட்சியின் உச்சியில் இருந்த அரசன் பொதுவில் வெட்டுவிக்கும் ஆணையில் அச்சொல் அப்படியே நிற்பதிலிருந்து அக்குடும்பத்தில் குந்தவைக்கு இருந்த இடம் விளங்குகிறது. அதே கோயிலில் இவர் உமாபரமேசுவரியின் படிமங்களோடு தம் தந்தையின் படிமத்தையும் தாயின் படிமத்தையும் எழுந்தருளுவித்தார். காஞ்சியில் பொன்மாளிகையில் உயிர்நீத்ததால் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று அழைக்கப்பட்ட சுந்தர சோழனின் நினைவு, பெரும்பாலும் இந்த மகளின் கொடைகளாலேயே தஞ்சையில் நிலைபெற்றது.

மூன்றாமவர் இராசராசனின் மகள். தந்தையின் தமக்கை பெயரைத் தாங்கிய இவர், வேங்கிச் சாளுக்கிய இளவரசன் விமலாதித்தனை மணந்து வடக்கே சென்றார். கீழைச் சாளுக்கியச் செப்பேடுகள் இவரைக் குந்தவா என வடமொழி உருவில் குறித்து, இராசராசனின் மகள் என்றும் இராசேந்திரனின் தங்கை என்றும் அடையாளம் சொல்கின்றன. தெலுங்கில் மகாபாரதத்தை எழுதத் தொடங்கிய நன்னயரை ஆதரித்த இராசராச நரேந்திரன் இவருடைய மகன். தாய்வழிப் பாட்டனின் பெயரே அவனுக்கு இடப்பட்டது. அவன் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கைதேவியை மணந்தான்; அவ்விருவரின் மகனே 1070 இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன்.

நான்காமவர் இந்தக் குலோத்துங்கனின் உடன்பிறந்தாள். 1114 ஆம் ஆண்டைச் சேர்ந்த சிதம்பரம் கல்வெட்டு இவரை இராசராசன் குந்தவையாழ்வார் என்று சொல்லி, தில்லைக் கோயிலுக்கு இவர் செய்த பொற்கொடைகளை விவரிக்கிறது. முன்னே நிற்கும் இராசராசன், தஞ்சையை ஆண்ட பெருவேந்தனல்லன், வேங்கியின் இராசராச நரேந்திரன். மகள் பெற்றது தன் தந்தையைப் பெற்ற பாட்டியின் பெயரை. இவ்வாறு வீமன், பராந்தகன், இராசராசன் என்ற முன்னொட்டுகளே ஒரே பெயருடைய மகளிரை ஒருவரோடு ஒருவர் குழப்பிக்கொள்ளாமல் காக்கின்றன.

இந்நால்வரையும் வரிசையாக நோக்கினால் பெயர் கைமாறிய முறை தெளிவாகும். பாட்டனின் தேவியிடமிருந்து பேத்திக்கும், அத்தையிடமிருந்து மருமகளுக்கும், பாட்டியிடமிருந்து மகன்வழிப் பேத்திக்கும் அது சென்றிருக்கிறது. பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி, அதாவது மூத்தோரின் பெயரைத் தாங்குபவர் என்ற பொருளில் பிறந்தவை. அரசர் பெயர்கள் இவ்வழக்கின்படி மீள்வதை வரலாற்று நூல்கள் விரித்துரைத்திருக்கின்றன. மகளிர் பெயர்களும் அதே ஒழுங்கில் மீண்டதற்குக் குந்தவை நல்ல சான்று. இரு அரசுகளின் உறவை மெய்க்கீர்த்திகள் போரையும் திறையையும் கொண்டு பேசுகின்றன. அதே உறவு மணங்களாலும் எவ்வாறு நிலைபெற்றது என்பதை ஒரு பெண்பெயரின் போக்கும் வரவும் எடுத்துரைக்கின்றன.

பெயரின் பொருள்

குந்தவை என்ற பெயரைக் குந்து, அவை எனப் பிரித்து, அவையில் அமர்ந்தவள் என்று பொருள் காண முற்படுவது ஒலியொப்புமையை மட்டும் நம்பியது. வினையடியோடு பெயரைச் சேர்த்து இவ்வாறு ஆட்பெயர் அமைப்பது சோழர் காலப் பெண்பெயர்களில் இயல்பான முறையன்று. குந்தம் என்பதற்கு வேல் என்ற பொருளும் உண்டு. அதைக் கொண்டு வேலுடையாள் என்று உரைப்பதும் எளிது. ஆனால் தமிழெழுத்தில் ‘ந்த’ என்று ஒரே வடிவில் நிற்பது வடமொழியில் வல்லொலியாகவோ மெல்லொலியாகவோ இருக்கலாம்: வேலைக் குறிக்கும் சொல்லில் வல்லொலியும், வெண்மலரைக் குறிக்கும் சொல்லில் மெல்லொலியும் வரும். சாளுக்கியச் செப்பேடுகள் மெல்லொலியையே எழுதுகின்றன. அது முடிந்த முடிபாகாது எனினும், மலர் என்ற பொருளுக்கே வலுச்சேர்க்கிறது. வடமொழிப் புலவர் பல்வரிசைக்கு உவமையாகக் கூறும் குந்தம், வெண்ணிறமான ஒருவகை மல்லிகை.

பெயரின் பிற்பகுதி இன்னும் உறுதியான தடயத்தைத் தருகிறது. கன்னட, தெலுங்கு நாடுகளில் அக்காலப் பெண்பெயர்கள் பல ‘அப்பெ’, ‘அவ்வெ’ என்று முடியும். தாய், பெருமாட்டி என்பது அதன் பொருள். இராசராசன் காலத்தவரான அத்திமப்பெ, கன்னடக் கவி பொன்னனின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எடுப்பித்து வழங்கி, இலக்குண்டியில் சமணக் கோயில் எழுப்பியவர். கன்னடத்தில் எகரத்தில் முடியும் சொற்களுக்கு இணையான தமிழ்ச்சொற்கள் ஐகாரத்தில் முடிவது அறியப்பட்ட ஒழுங்கு. தலெ என்பது தலையாகவும் மனெ என்பது மனையாகவும் அமைவது போலவே அவ்வெ என்பது தமிழில் அவ்வையாகும். ஒளவை என்ற புலவர் பெயரிலும் இச்சொல்லே உள்ளது. ஆகவே குந்த அவ்வை என்பது இணைந்து குந்தவை ஆயிற்று என்றும், மல்லிகை போன்ற பெருமாட்டி என்பது அதன் பொருள் என்றும் கொள்வதே கிடைக்கும் விளக்கங்களுள் பொருத்தமானது.

இம்முடிவுக்குத் துணைநிற்கும் மற்றொரு பெயர், குந்தவையின் பெயரோடு தொடர்புடைய இடத்திலேயே கிடைக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே உள்ள திருமலை என்னும் சமணத் தலத்தில் குந்தவை சினாலயம் என்ற கோயில் உண்டு. சினாலயம் என்பது அருகக் கடவுளின் ஆலயம். இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று, நன்னப்பயன் என்ற வணிகனின் மனைவி அக்கோயிலில் விளக்கெரிக்கவும் திருவமுது படைக்கவும் கொடையளித்ததைக் கூறுகிறது. அப்பெண்ணின் பெயர் சாமுண்டப்பை. கன்னடத்து ‘அப்பெ’ தமிழெழுத்தில் ‘அப்பை’ ஆகி நிற்பதை இங்கே நேரில் காணலாம். அரசியின் பெயரைத் தாங்கிய கோயிலுக்குக் கொடையளித்த வணிகர் வீட்டுப் பெண்ணும் அதே வகை ஈற்றைக் கொண்ட பெயரை உடையவளாக இருந்தமையால், அவ்வழக்கு தொண்டை நாட்டுக்கு அயலானதாக இருக்கவில்லை என்பது புலனாகும்.

பெயர் இவ்வாறு ஆட்களிடமிருந்து இடங்களுக்கும் பரவியது. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம், அன்றைய இராசராசபுரம்; அங்கே குந்தவைப் பிராட்டியார் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் கோயில்கள் எடுப்பித்தார். சிவன் கோயில் இரவிகுலமாணிக்க ஈச்சுரம் எனப்பட, மற்ற இரண்டும் குந்தவை விண்ணகர், குந்தவை சினாலயம் என அவர் பெயராலேயே வழங்கின. தஞ்சையில் நோயாளிகளுக்கு மருத்துவம் அளித்த ஆதுலர் சாலைக்கு அவர் நிலக்கொடை அளித்தபோது, அச்சாலைக்குத் தம் பெயரன்றித் தந்தை சுந்தர சோழனின் பெயரே விளங்கியது.

அச்சில் மறுபிறப்பு

சோழர் ஆட்சி மறைந்த பின் இப்பெயரைத் தாங்கிப் புகழ்பெற்றவர் எவரும் வரலாற்றில் தென்படவில்லை. பழைய இலக்கியமோ தலபுராணமோ அதை மக்களிடம் கொண்டுசேர்க்கவில்லை. கண்ணகி, கோதை என்ற பெயர்களுக்குக் கிடைத்த காப்பியமும் பாசுரமும் இதற்கு வாய்க்கவில்லை. 1890களில் ஹூல்ஷ் பதிப்பித்த தஞ்சைக் கல்வெட்டுகளின் தொகுதியும், 1935 இல் வெளிவரத் தொடங்கிய நீலகண்ட சாத்திரியாரின் சோழர் வரலாறும், சதாசிவப் பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரமும் பெயரைக் கற்றோரிடம் சேர்த்தன. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த பொன்னியின் செல்வன் அதைப் பொதுமக்களிடம் சேர்த்தது. கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்ற அளவிலேயே பெரிதும் அறியப்பட்ட வந்தியதேவரைக் கதைத்தலைவனாக்கிய நாவலாசிரியர் கல்கி, குந்தவையைப் பழையாறை அரண்மனையிலிருந்து அரசியலை நடத்தும் இளைய பிராட்டியாக வரைந்தார்.

அறிந்தும் இடாத பெயர்

அத்தொடரின் வாசகர் பலர் தம் பெண்மக்களுக்குக் கதைமாந்தரின் பெயர்களைச் சூட்டினர். ஆனால் வானதியும் பூங்குழலியும் வீடுகளுக்குள் நுழைந்த அளவுக்குக் குந்தவை நுழையவில்லை. காரணங்கள் பல. வானதி, பூங்குழலி என்பவற்றின் பொருள் கேட்ட அளவில் விளங்கும். குந்தவையின் பொருளோ ஆய்வாளர் விளக்கினாலன்றித் தெரியாது. தனித்தமிழ் இயக்கத்தின் வழிவந்தவர்கள் மொழி, செல்வி, நிலா எனத் தெளிந்த தமிழீறுகளை நாடினர். பிறர் வடமொழியின் இனிய இகர, ஆகார ஈறுகளை நாடினர். ‘வை’ என முடியும் பெயர் இருசாராருக்கும் பழமையாகப் பட்டது. பேச்சுவழக்கில் உட்காருதலைக் குறிக்கும் குந்துதல் என்ற சொல்லின் நினைவு, பள்ளியில் கேலிக்கு இடமாகுமோ என்று பெற்றோர் தயங்கவும் காரணமாகலாம். நட்சத்திர எழுத்துப் பார்த்துப் பெயரிடுவோருக்குக் ‘கு’ திருவாதிரையின் முதற்பாதத்துக்கு உரியதாதலின், அவ்வழியில் வரும் வாய்ப்பும் குறுகியதே.

இவற்றினும் ஆழமான காரணம், அப்பெயர் ஒருவரோடு முற்றிலும் ஒன்றிப்போனது. பொன்னியின் செல்வனுக்குப் பின் குந்தவை என்றாலே நுண்ணறிவும் அதிகாரமும் நிறைந்த அந்த ஓர் அரசகுமாரியே நினைவுக்கு வருகிறார். குழந்தைக்கு அதை இடுவது பெயர் வைப்பதாக அன்றி ஒப்பிடுவதாகத் தோன்றுகிறது. ஆகவே நிறுவனங்களும் எழுத்தாளரும் அதைத் தயக்கமின்றி ஏற்றனர். தஞ்சையில் உள்ள அரசு மகளிர் கலைக் கல்லூரி குந்தவை நாச்சியார் பெயரைத் தாங்குகிறது. ஈழத்தின் ‘யோகம் இருக்கிறது’ என்னும் சிறுகதைத் தொகுப்பின் ஆசிரியர் குந்தவை என்ற புனைபெயரிலேயே எழுதினார். மணிரத்னம் 2022 இலும் 2023 இலும் இரு பாகங்களாக வெளியிட்ட பொன்னியின் செல்வன் திரைப்படத்தில் திரிஷா ஏற்ற வேடம், நாவலைப் படிக்காத தலைமுறைக்கும் பெயரை அறிமுகம் செய்தது. ஆயினும் அந்த அறிமுகமும் ஒரு பாத்திரத்தின் வழியே நிகழ்ந்தது, ஓர் உறவின் வழியே நிகழவில்லை.

பெயரின் வாழ்வில் உறவே வேர். சோழர் குடியில் குந்தவை என்று பெயரிட்டவர்கள் மல்லிகையையும் பெருமாட்டியையும் எண்ணியிருப்பர் என்று கொள்வதைவிட, அத்தையையோ பாட்டியையோ எண்ணியிருப்பர் என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்தும். அவர்களுக்கு அப்பெயர் அரியதன்று; வீட்டில் ஏற்கெனவே ஒருவர் தாங்கிய பெயர். இன்றைய தமிழ்வீடுகளில் அவ்வாறு முன்னே ஒரு குந்தவை இல்லாமையே அதன் அருமைக்கு முதற்காரணம். இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக இப்பெயரைப் பெறும் சிறுமியர் பாட்டியராகும் காலத்தில் அவர்களுடைய பெயர்த்தியருக்கும் அது செல்லுமாயின், குந்தவை வரலாற்றுப் பெயர் என்ற நிலையிலிருந்து மீண்டும் குடும்பப் பெயர் என்ற நிலையை அடையும். அதுவரை அது எல்லோரும் அறிந்த அரிய பெயராகவே இருக்கும்.