'மனூவர்' என்னும் சொல்லை ரசிப்பது எப்படி?

அரசியல்வாதியின் சூழ்ச்சியையும் சேனாதிபதியின் தந்திரத்தையும் குறிக்கப் பத்திரிகைகளில் ஓயாமல் வழங்கிவரும் 'மனூவர்' என்னும் ஆங்கிலச் சொல்லை அந்த அர்த்தத்தோடு விட்டுவிடுகிறவர்கள், அதன் சுவையில் பெரும்பங்கை இழந்துவிடுகிறார்கள் என்றே நான் கருதுகிறேன். ரசிக்க விரும்புகிறவர் முதலில் அதற்குள் இருக்கும் கையைக் கண்டுகொள்ள வேண்டும். லத்தீனில் 'மானுஸ்' என்றால் கை. 'ஓபெராரி' என்றால் உழைத்தல். கையால் உழைப்பது என்ற எளிய பொருளோடுதான் சொல் பிரெஞ்சு பாஷைக்குள் புகுந்தது.

அங்கிருந்து அது இங்கிலாந்துக்கு இரண்டு முறை வந்தது. இடைக்காலத்தில் நிலத்தைப் பண்படுத்துதல் என்ற கருத்தோடு வந்தது, காலக்கிரமத்தில் 'மெனியூர்' என்று எருவுக்கே பெயராகிவிட்டது. இந்த உறவை அறிந்தவருக்குத்தான், மில்டன் 1667-ல் வெளியிட்ட 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில், ஏதேன் தோட்டத்தின் கிளைகள் தங்கள் இருவர் உழைப்புக்கும் அடங்காமல் வளர்ந்துவிட்டதை ஆதாம் ஏவாளிடம் சொல்லுமிடத்தில், இச்சொல் எருவையன்றித் தோட்ட வேலையையே குறிக்கிறது என்பது விளங்கும்.

மறுபடியும் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், படைகளையும் கப்பல்களையும் நடத்தும் வித்தையின் பெயராக வந்தது. இதை அனுபவிக்கப் பாய்மரக் கப்பலின் மேல்தளத்தையே மனக்கண்முன் நிறுத்திக்கொள்ள வேண்டும். காற்றை நேரே எதிர்த்துப் பாய் விரித்துச் செல்லுதல் இயலாதாகையால், சுக்கானைத் திருப்பி, அணியம் காற்றின் திசையைக் கடந்து மறுபக்கம் சாயும் அந்தச் சொற்ப நேரத்திற்குள், முன்பாய்களின் கயிறுகளைத் தளர்த்தி, பாய் தாங்கும் குறுக்குமரங்களை மாலுமிகள் ஒருங்கே இழுத்துத் திருப்பியாக வேண்டும்; சற்றே தாமதித்தாலும் கப்பல் காற்றுக்கு முகம் கொடுத்தபடி ஸ்தம்பித்துவிடும். தலைவனின் மதிநுட்பம் எத்தகையதாயினும், கயிறு பிடித்த கைகளின் லாகவமின்றி அது பலிப்பதில்லை. அந்தக் கயிறுகளுக்கே பிரெஞ்சு மாலுமிகள் இச்சொல்லைப் பெயராக வழங்குவதும், சாதாரணக் கூலியாளும் பிரெஞ்சில் இதே சொல்லால் குறிக்கப்படுவதும் எனக்கு அளவற்ற ஆனந்தம் தரும் செய்திகள்.

அமெரிக்கர் இதன் எழுத்துக்களைக் குறைத்தார்களேயன்றி, பொருளை விட்டுவிடவில்லை. தொண்டையில் உணவு அடைத்துத் திணறுகிறவரைப் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, மறு கையால் அதைப் பற்றி, உள்ளும் மேலுமாக விசையோடு அழுத்தும் முறையை டாக்டர் ஹென்றி ஹைம்லிக் 1974-ல் வெளியிட்டபோது, அதற்கு அமைந்த பெயர் 'ஹைம்லிக் மனூவர்'.