கொஞ்சத்தை முழுசாக ரசிப்பது எப்படி?

சம்பளம் ஏறியதாகக் குறுஞ்செய்தி வந்த நாளில், சாயங்காலம் ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். காலில் இன்னும் கழற்றாத சேஃப்டி ஷூ, கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் ஃபோன் என்று இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, எங்கெங்கிருந்தோ பெட்டியோடு வந்து இறங்கியவர்கள்.

நானும் அப்படி வந்தவன்தான். தர்மபுரிப் பக்கத்துக் கிராமம். பாலிடெக்னிக்கில் படிக்கும்போது கையில் இருபது ரூபாய் இருந்தால் அந்தச் சாயங்காலம் நிறைந்துவிடும். வேலைக்கு வந்த முதல் ஆறு மாதத்தில் வாங்கியதும் தின்றதும் அந்த மூன்று வருடத்தையும் தாண்டிவிட்டன. ஆனால், எதுவும் மனதில் தங்கவில்லை. பிரியாணி வரும்போது கண் ஃபோனில் இருக்கும். ஆசையாக வாங்கிய புத்தகம் ரூம் அலமாரியில் உறை பிரிக்காமல் கிடக்கும். மெல்லத்தான் புரிந்தது. படித்த காலத்தில் கொஞ்சம்தான் கிடைத்தது, அதை முழுசாக எடுத்துக்கொண்டோம். இப்போது நிறையக் கிடைக்கிறது, பாதி பாதியாக எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பழைய பழக்கத்தை இந்த ஊரில் எப்படி மீட்பது? எனக்குக் கைகொடுத்த வழிகளைச் சொல்கிறேன்.

மாங்காயிலிருந்து தொடங்குங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர்போனது. இங்கே அதிகம் விளையும் தோத்தாபுரியை வியாபாரிகள் பெங்களூரா என்பார்கள். மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போவது பெரும்பாலும் அதுதான். நம் எல்லோருக்கும் அது வேறு பெயரில் தெரியும். பள்ளிக்கூட வாசலில் பத்தை போட்டு விற்ற கிளிமூக்கு மாங்காய். நுனி வளைந்து கிளியின் அலகு மாதிரி இருக்குமே, அதேதான்.

பஸ் ஸ்டாண்டு வண்டியில் ஒன்று வாங்குங்கள். அக்கா மாங்காயைக் கையில் பிடித்தபடியே நீளவாக்கில் கீறுவார். அடிப்பக்கம் ஒட்டியிருக்க, பத்தைகள் பூ மாதிரி விரியும். “காரம் தூக்கலா போடட்டுமா தம்பி?” என்று கேட்டுக்கொண்டே உப்பும் மிளகாய்த்தூளும் கலந்ததை நடுவில் தேய்ப்பார். தேய்ப்பதற்கு முன்னால் ஒரு பத்தையை மட்டும் வெறுமனே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தோலோடு கடியுங்கள். தோலின் துவர்ப்பு முதலில் வரும், பிறகு புளிப்பு. அரைப்பழமாக இருந்தால் கொட்டைப் பக்கம் லேசான இனிப்பும் தட்டும். கிளிமூக்கில் புளிப்பு அடக்கமாக இருப்பதால்தான் உப்பும் காரமும் அதன்மேல் இவ்வளவு பொருத்தமாக உட்காருகின்றன. அடுத்த பத்தையைக் காரத்தோடு தின்னும்போது அந்த வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். ஒரு மாங்காய் தீர ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் மாங்காய் மட்டும்தான். கையெல்லாம் மிளகாய்த்தூள் இருக்கும்போது ஃபோனைத் தொட முடியாது என்பது கூடுதல் நன்மை.

பை டூ சொல்லுங்கள்

பெங்களூரு நமக்குக் கொடுத்த நல்ல வழக்கங்களில் ஒன்று பை டூ காபி. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவார்கள். மாணவர்களாக இருந்தபோது காசு போதாமல் பகிர்ந்து குடித்தோம். இன்று ஆளுக்கு இரண்டு குடிக்கக் காசு இருக்கிறது. இருந்தாலும் பை டூ சொல்லுங்கள். பாதி டம்ளர் சூடு ஆறுவதற்குள் தீர்ந்துவிடும், கடைசி வாய் வரைக்கும் முதல் வாயின் ருசி இருக்கும். அதைவிட முக்கியம், பை டூ சொல்ல எதிரில் இன்னொருவர் வேண்டும். ஷிஃப்ட் மாறி மாறிப் போகும் வாழ்க்கையில் ஒரே ரூமில் இருப்பவர்களே வாரக்கணக்கில் பேசிக்கொள்வதில்லை. வாரத்துக்கு ஒரு பை டூ என்று வைத்துக்கொண்டால் அந்தப் பேச்சு தொடரும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் மார்கழிக் காலைக் குளிரில் டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடிப்பதே தனிச் சுகம்.

நேரத்தைக் கையில் கட்டுங்கள்

முதல் சம்பளத்தில் தனக்கென்று ஒன்று வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது கைக்கடிகாரம். 1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கியது டைட்டன். டாடா இண்டஸ்ட்ரீஸ் என்பதன் முதலெழுத்துகளையும் தமிழ்நாட்டையும் இணைத்துத்தான் அந்தப் பெயரே வந்தது. ஆலை இதே ஓசூரில். எந்தக் கம்பெனிக் கடிகாரமும் சரிதான், ஆனால் ஒன்று கட்டுங்கள். மணி பார்க்க ஃபோனை எடுத்தால் அரைமணி நேரம் போய்விடுகிறது. வாசிக்கப் போகும் அரைமணியைக் காப்பாற்றித் தருவது கடிகாரம்தான்.

ஷிஃப்ட் பார்த்துப் புத்தகம் எடுங்கள்

“வேலைக்கு வந்தப்புறம் படிக்கிறதே விட்டுப்போச்சு” என்று சொல்லாத ஆளில்லை. கல்லூரியில் எல்லா நாளும் ஒரே மாதிரி விடிந்தது. இங்கே வாரத்துக்கு ஒரு தூக்கம், வாரத்துக்கு ஒரு பசி. புத்தகமும் அதற்குத் தக்க மாற வேண்டும்.

செகண்ட் ஷிஃப்ட் வாரம் வாசகனுக்கு வரம். காலை முழுக்க நம்முடையது, மூளை தெளிவாக இருக்கும். மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்து பெரிய நாவலைத் தொடங்க ஏற்ற நேரம். ஓசூரில் இருந்து எழுதும் பா. வெங்கடேசனின் ‘தாண்டவராயன் கதை’ போன்ற நாவல்கள் அந்தத் தெளிவைக் கேட்பவை. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போதும், நிதானமாகப் போங்கள்.

நைட் ஷிஃப்ட் வாரத்தில் பெரிய நாவலைத் தொடாதீர்கள். தூக்கம் துண்டு துண்டாகும்போது நாவலின் சரடு அறுந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு சிறுகதை வையுங்கள். இதே ஊரில் வாழும் ஆதவன் தீட்சண்யாவின் கதைகள் எனக்கு அப்படித்தான் பழக்கமாயின. படித்துவிட்டுப் படுத்தால் கதை தூக்கத்துக்குள்ளும் கூட வரும்.

ஃபர்ஸ்ட் ஷிஃப்டும் ஜெனரல் ஷிஃப்டும் கம்பெனி பஸ்ஸில் கழிபவை. இதற்குத் தொடராக வந்த நூல்களே சரி. ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ கல்கியில் வாரத் தொடராக வந்து, 1958-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. வாரத்துக்கு ஒரு முறை படிப்பவருக்காக எழுதியதால் அத்தியாயங்கள் சிறியவை, ஒவ்வொன்றும் தன்னளவில் முடியும். ஒரு பயணத்துக்கு ஓர் அத்தியாயம் கணக்காக வரும். பஸ் சீக்கிரம் போய்விட்டாலும் அடுத்ததைத் தொடாதீர்கள். தொடர்கதை வாசகர்கள் ஒரு வாரம் காத்திருந்தார்கள், நாம் ஒரு நாள் காத்திருக்கலாம்.

அந்தப் பக்கத்துக் கதையையும் படியுங்கள்

ஓசூரில் டீக்கடை பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். இந்த ஊருக்கு வந்து கன்னட இலக்கியத்தை எட்டிப் பார்க்காமல் போவது நஷ்டம். பாகலூர் சாலையைப் பிடித்துக் கர்நாடகத்துக்குள் போனால் மாலூர். அந்த வட்டத்தில்தான் மாஸ்தி கிராமம் இருக்கிறது. அந்த ஊரைத் தன் பெயரில் சுமந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்காருக்கு வீட்டு மொழி தமிழ், எழுதியது கன்னடத்தில். 1983-ம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தது. அவருடைய ‘சிக்கவீர ராஜேந்திரன்’ தமிழிலும் வந்திருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் விவேக் ஷான்பாகின் ‘காச்சர் கோச்சர்’ எடுக்கலாம். கே. நல்லதம்பி தமிழாக்கம், சின்ன நாவல். திடீரென்று கையில் பணம் புழங்கத் தொடங்கிய ஒரு பெங்களூருக் குடும்பம் எப்படி மாறிப்போகிறது என்பதுதான் கதை. அதில் ஒரு காபி ஹவுஸும் வரும். சம்பளம் வாங்கத் தொடங்கிய முதல் வருடத்தில் படிக்க இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியாது.

கொஞ்சம் பழகியதும் ஒரு ஜோடி முயன்று பாருங்கள். முதலில் ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’. கையோடு எஸ்.எல். பைரப்பாவின் ‘பருவம்’. பாவண்ணனின் மொழிபெயர்ப்பு அது, சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது பெற்றது. ஒரே பாரதக் கதை முதலாவதில் பாட்டி சொல்வதுபோல் ஓடும். இரண்டாவதில் ஒவ்வொரு பாத்திரமும் வியர்வையோடும் மூப்போடும் நம் பக்கத்தில் வந்து உட்காரும்.

தேதித் தாளைப் பாருங்கள்

எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. 1948-லேயே பொது நூலகங்களுக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. நாம் கொடுக்கும் வாடகையிலும் அதன் ஒரு துளி இருக்கும். நூலகப் புத்தகத்தைத் திறந்ததும் கதைக்குள் ஓடிவிடாமல், ஒட்டியிருக்கும் தேதித் தாளை ஒரு நிமிடம் பாருங்கள். நான்கு வருடம் யாருமே எடுக்காத புத்தகம், பிறகு ஒரே கோடையில் மூன்று முத்திரை. யாரோ படித்துவிட்டு யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முத்திரை உங்களுடையது.

ஓசூரில் புத்தகத் திருவிழா நடக்கும்போது இரண்டு முறை போங்கள். முதல் முறை பணம் இல்லாமல். புரட்டிப் பார்த்து, பிடித்ததைத் தாளில் எழுதிக்கொண்டு திரும்பிவிடுங்கள். இரண்டு நாள் கழித்தும் எந்தப் பெயர் மனதில் நிற்கிறதோ, அதை மட்டும் வாங்குங்கள்.

தொரப்பள்ளிக்கு ஒரு ஞாயிறு

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூரு சென்ட்ரல் காலேஜில் பட்டப் படிப்பு, சென்னையில் சட்டம். எல்லை தாண்டிப் போய்ப் படித்த ஓசூர்ப் பையன் என்று பார்த்தால் அவர் நமக்கு நெருக்கமாகிவிடுவார். பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். பஸ்ஸில் படித்த புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் ஒரு நிழலில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை அங்கே முடியுங்கள்.

கல்லூரி நாட்களைப் பங்கு போடுங்கள்

பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்க ஃபோட்டோ வந்து விழுகிறது. பார்க்கிறோம், தள்ளுகிறோம். நினைவையும் கொஞ்சமாக எடுத்தால்தான் ருசி.

கடைசி வருடத்தில் நானும் என் ரூம்மேட்டும் ஆளுக்குப் பாதிக் காசு போட்டு, பழைய புத்தகக் கடையில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ வாங்கினோம். தெலுங்கு பேசும் குடும்பங்கள் தெற்கே வந்து காட்டைத் திருத்திக் குடியேறிய கதை. முதல் பக்கத்தில் இரண்டு பேர் பெயரையும் எழுதினோம். அவனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்தது, எனக்கு இங்கே. புத்தகம் ஒரு வருடம் அவனிடம், ஒரு வருடம் என்னிடம். படித்து முடித்த தேதியைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம்.

போன மாதம் பார்சல் வந்தது. பெட்டியோடு வந்து இறங்கி, பாஷை புரியாத தெருவில் ரூம் தேடி அலைந்த பிறகு, குடியேறியவர்களின் கதை எனக்கு வேறு கதையாகத் தெரிகிறது. அவனுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. ஊரை விட்டுக் கிளம்பும் பக்கங்களின் ஓரத்தில் இந்த முறை புதிதாகப் பென்சில் கோடு இழுத்திருக்கிறான். இந்த வாரம் எனக்கு செகண்ட் ஷிஃப்ட். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போகிறேன்.